கொடுத்த அதிகாரமும் கேட்க வேண்டிய கணக்கும்

நம் வீடுகளில் பீரோவின் உள்ளறையில் பத்திரமாக வைக்கப்படும் தாள்கள் சில உண்டு. திருமுழுக்குச் சான்று, திருமணச் சான்று, வீட்டுப் பத்திரம், ஓய்வூதியப் புத்தகம். முதியவர்கள் தனித்து வாழும் வீடுகளில் இவற்றோடு இன்னொரு தாளும் இன்று சேர்ந்திருக்கிறது. பத்திர மொழியில் அதற்குப் பெயர் பொது அதிகார ஆவணம். பேச்சு வழக்கில் 'பவர்'. 'பையன் பேருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டேன்' என்று பெரியவர்கள் நிம்மதியோடு சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் மட்டும், 'அதெல்லாம் அவனுக்குத் தெரியும்' என்பதே பல வேளைகளில் பதிலாக வருகிறது.

இந்தப் பதிலில்தான் ஆபத்து தொடங்குகிறது. பவர் பத்திரம் தன்னளவில் தீயதல்ல. நடக்க இயலாத தாய்க்கும், கண்பார்வை மங்கிய தந்தைக்கும், வெளிநாட்டில் வாழ்பவர்க்கும் அது பெரிய உதவி. ஆயினும் அது எப்படிப்பட்ட கருவி, அதைக் கொடுத்தபின் கொடுத்தவர்க்கு மீதியாக என்ன உரிமை இருக்கிறது என்பதை அறியாமல் கையெழுத்திடும்போது, அதே கருவி முதியவரின் வீட்டையும் வங்கிச் சேமிப்பையும் அவர் அறியாமலேயே கொண்டுபோய்விடக் கூடும். எனவே இதைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சிந்திப்போம்.

நம் நகரத்தின் நிலை

மயிலாப்பூர், மந்தைவெளி, தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளை எண்ணிப் பாருங்கள். மாம்பலம் ஏரியின் மேல் 1920-களில் எழுந்தது தியாகராய நகர். விடுதலைக்குப் பின் கூட்டுறவு வீட்டுவசதி முயற்சியால் உருவானது அடையாறு காந்தி நகர். அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வங்கிப் பணியாளர்களும் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இப்பகுதிகளில் ஒரு கிரவுண்டு, அரை கிரவுண்டு என்று மனை வாங்கி வீடு கட்டினார்கள். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அன்று சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய அந்த மனைகள் இன்று பல கோடி ரூபாய் மதிப்புள்ளவை. வீட்டுக்கு உரியவரோ எண்பது வயதைத் தொட்டவர். பிள்ளைகள் அமெரிக்காவிலும் வளைகுடா நாடுகளிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும், அல்லது தம்பதியர் இருவர் மட்டும்.

பெரும் மதிப்புள்ள சொத்து, தளர்ந்த உடல், அருகில் ஆளில்லாத வீடு ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் பவர் பத்திரத்தின் தேவையும் கூடுகிறது. அதைத் தவறாகப் பயன்படுத்தும் சோதனையும் கூடுகிறது. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டித் தருகிறேன் என்று வரும் கட்டுமான நிறுவனத்தார் பவர் கேட்கிறார்கள். வாடகை வசூலிக்கும் உறவினர் பவர் கேட்கிறார். 'அம்மா, நீங்க எதுக்கு ஒவ்வொரு தடவையும் பேங்க்குக்கு அலையணும்? ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, நான் பார்த்துக்கறேன்' என்று மகன் கேட்கிறார். இவர்களில் பெரும்பாலோர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆயினும் நல்ல எண்ணம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் எழுதிக் கொடுக்கப்படும் தாள் ஒன்றே என்பதை நாம் மறக்கலாகாது.

சட்டம் சொல்வது என்ன?

பவர் பத்திரத்துக்கு அடிப்படையானவை இரண்டு பழைய சட்டங்கள். ஒன்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், மற்றொன்று 1882-ஆம் ஆண்டின் அதிகார ஆவணச் சட்டம். இவற்றின் சாரத்தை நான்கு செய்திகளாகச் சொல்லலாம்.

முதலாவது, பவர் பெற்றவர் முகவர் மட்டுமே. சொத்து கொடுத்தவருடையதாகவே இருக்கிறது. 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பவர் பத்திரத்தை மட்டும் கைமாற்றிக்கொண்டு வீட்டையோ மனையையோ வாங்கியதாகச் சொல்ல முடியாது, முறையாகப் பதிவான கிரயப் பத்திரத்தாலேயே உரிமை மாறும் என்பது அத்தீர்ப்பு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விற்கும் அதிகாரம் பவரில் எழுதப்பட்டிருந்தால், அந்தக் கிரயப் பத்திரத்தில் உரிமையாளர் சார்பில் முகவரே கையெழுத்திடலாம். அது செல்லும்.

இரண்டாவது, முகவர் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். ஒப்பந்தச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு, கேட்டபோது முறையான கணக்கைக் காட்டுவது முகவரின் கடமை என்கிறது. உரிமையாளருக்குத் தெரியாமல் தன் சொந்த ஆதாயத்துக்காக அவர் சொத்தில் வியாபாரம் செய்தால், அந்த ஆதாயத்தை உரிமையாளர் கேட்டுப் பெறலாம் என்கிறது 216-ஆம் பிரிவு.

மூன்றாவது, கொடுத்தவர் அதை ரத்து செய்யலாம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. பவர் பெற்றவருக்கும் அதே சொத்தில் பங்கோ பணமோ சட்டப்படி சேர்ந்திருந்தால், 202-ஆம் பிரிவின்படி அவருக்குப் பாதகமாக ரத்து செய்வது கடினம். கட்டுமான நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பவரில் இந்தச் சிக்கல் வரும். ஆகவே அத்தகைய ஒப்பந்தத்தைச் சொந்த வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடக் கூடாது.

நான்காவது, கொடுத்தவர் இறந்தாலோ, சித்தசுவாதீனம் இழந்தாலோ பவர் முடிந்துவிடுகிறது என்கிறது 201-ஆம் பிரிவு. தாய் இறந்த பின்னும் அவர் கொடுத்த பவரை வைத்து வங்கியில் பணம் எடுப்பதும், வீட்டை விற்பதும் தவறு. நம்மில் பலர் அறியாத செய்தி இது.

ஏமாற்று நடக்கும் விதம்

முதியோரிடம் பொருள் பறிப்பு என்றதும் கள்ளக் கையெழுத்தையும் போலிப் பத்திரத்தையும் நினைக்கிறோம். அவையும் நடக்கின்றன. ஆனால் பவரை வைத்து நடப்பதில் கையெழுத்து உண்மையானது, முத்திரை உண்மையானது, சார்பதிவாளரும் உண்மையானவர். பெரியவர் தம் காலாலேயே நடந்துபோய்க் கைரேகை வைத்திருக்கிறார். நடந்தது குற்றம் என்பது பல ஆண்டுகள் கழித்தே வெளியே தெரிகிறது.

அது பெரும்பாலும் படிப்படியாக நடக்கிறது. முதலில் வரி கட்டவும் வாடகை வாங்கவும் பவர் கேட்கப்படுகிறது. பத்திர எழுத்தரிடம் தயாராக இருக்கும் மாதிரியிலேயே ஆவணம் அச்சாகிறது. அந்த மாதிரியில் வாடகை வசூலிக்க, வழக்கு நடத்த, அடமானம் வைக்க, விற்க, தொகை பெற்றுக்கொள்ள என்று எல்லா அதிகாரங்களும் வரிசையாக இருக்கும். பெரியவருக்குப் படித்துக் காட்டப்படுவது முதல் இரண்டு வரிகள் மட்டுமே. அடுத்து வங்கிப் புத்தகமும் அட்டையும் கைமாறுகின்றன. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளுக்கு வேறொருவரின் கைப்பேசி எண் கொடுக்கப்படுகிறது. பிறகு வைப்புநிதி ஒன்று முதிர்வுக்கு முன் முறிக்கப்படுகிறது. கடைசியில் வீடு கைமாறுகிறது. வாங்கியவர் சாவி கேட்டு வரும்போதுதான் பெரியவருக்குச் செய்தி தெரிகிறது.

படித்தவர்கள், வசதியானவர்கள் வீட்டில் இது நடக்காது என்று எண்ண வேண்டாம். உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டு நியூயார்க் நகரில் உண்டு. புரூக் ஆஸ்டர் என்ற அம்மையார் அந்நகரின் நூலகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் வாரி வழங்கிய கொடையாளர். முதுமையில் அவருக்கு மறதிநோய் வந்தது. ஒரே மகனான அந்தோணி மார்ஷல் தாயின் பவரைக் கொண்டு அவருடைய பணத்தை நிர்வகித்து வந்தார். 2006-இல் அம்மையாரின் பேரன் பிலிப், தன் சொந்தத் தந்தைக்கு எதிராகவே நீதிமன்றம் சென்று, பாட்டியின் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கக் கேட்டார். அம்மையார் 2007 ஆகஸ்ட்டில் 105-ஆம் வயதில் இறந்தார். 2009 அக்டோபரில் மகன் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. தாயின் பணத்தை நிர்வகிப்பதற்காகத் தனக்குத் தானே ஏறத்தாழ 10 லட்சம் டாலர் ஊதிய உயர்வு கொடுத்துக்கொண்டதும் அக்குற்றங்களில் ஒன்று. 2013-இல், 89-ஆம் வயதில் அவர் சிறை சென்றார். உடல்நலக் குறைவால் சில வாரங்களில் விடுவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு இறந்தார்.

இந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது அந்தப் பணத்தின் அளவை அல்ல. ஊதியம் பெறுபவரும் அதை நிர்ணயிப்பவரும் ஒருவராகவே இருந்தார். கணக்குக் கேட்க வேண்டிய தாயோ கேட்கும் நிலையில் இல்லை. நம் மயிலாப்பூர் வீட்டு வாடகையிலும் ஓய்வூதியத்திலும் இதே நிலை ஏற்படக் கூடும்.

நினைவு மங்கும்போது

இங்கே நம் சட்டத்தில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. நினைவு தவறினால் பவர் முடிந்துவிடும் என்று பார்த்தோம். இங்கிலாந்தில் 2007 முதல் நடைமுறையில் உள்ள நிலைத்த அதிகார ஆவணம், கொடுத்தவர் மனத்திறன் இழந்த பின்னும் செல்லும். அதற்கெனத் தனி அரசு அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்டு, மேற்பார்வையும் உண்டு. இந்தியாவில் அத்தகைய ஆவணம் இல்லை.

ஆனால் மறதிநோய் ஒரே நாளில் வருவதில்லை. எந்தத் தேதியில் பவர் முடிந்தது என்று எவரும் குறித்து வைப்பதுமில்லை. தமிழ்நாட்டில் முகவர் பத்திரம் பதியும்போது, பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற மருத்துவர் சான்று கேட்கப்படுகிறது. அவர் உயிரோடிருக்கிறார் என்று அது சொல்லும். இந்த விற்பனையை அவர் அறிந்திருக்கிறாரா, விரும்புகிறாரா என்பதைச் சொல்லாது.

அப்படியானால் நினைவிழந்த ஒருவரின் மருத்துவச் செலவுக்கு அவர் சொத்தை விற்க நேர்ந்தால் என்ன செய்வது? நீதிமன்றத்தின் வழியே செல்ல வேண்டும். சென்னையைச் சேர்ந்த ஒரு மனைவி, கோமா நிலையில் இருந்த கணவரின் சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் வழி தேடி உயர் நீதிமன்றத்தை நாடினார். 2024-இல் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வு அவரைக் கணவரின் பாதுகாவலராக நியமித்து, சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அனுமதித்தது. அத்துடன் 50 லட்சம் ரூபாயைக் கணவரின் பெயரிலேயே வைப்புநிதியாக வைக்க வேண்டும் என்றும் விதித்தது. படுத்த படுக்கையில் ஒன்றும் அறியாமல் கிடப்பவருக்கும் சொத்துரிமை உண்டு, அவர் பெயரில் பணம் இருக்க வேண்டும் என்ற நீதி இதில் அடங்கியிருக்கிறது.

கையெழுத்திடும் முன்

பவர் கொடுக்காமலேயே பல காரியங்களை முடிக்கலாம் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் நோயுற்றவர்களுக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை அளிக்குமாறு 2017-இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஓய்வூதியருக்கான உயிர்வாழ்வுச் சான்றை 2014 முதல் மின்னணு முறையில் வீட்டிலிருந்தே தரலாம். நடமாட இயலாதவர் சொத்தை விற்கவோ உயில் ஒப்படைக்கவோ விரும்பினால், தக்க காரணம் காட்டிப் பதிவு அலுவலரை வீட்டுக்கே வரவழைக்க 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் வழியுண்டு. வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கும்போதும், 'இருவரில் எவரும்' என்று எழுதினால் மற்றவரும் இன்றே பணம் எடுக்கலாம். 'முதலாமவர் அல்லது பின் உயிரோடிருப்பவர்' என்று எழுதினால், முதலாமவர் இருக்கும்வரை அவர் மட்டுமே எடுக்கலாம்.

பவர் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சிலவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

தேவையான வேலைக்கு மட்டும் கொடுங்கள். வாடகை வாங்க வேண்டுமானால் அதை மட்டும் எழுதினால் போதும். விற்கும் அதிகாரமும் அடமானம் வைக்கும் அதிகாரமும் அதில் வேண்டாம். பவர் பத்திரத்தை நீதிமன்றங்கள் எழுத்துக்கு எழுத்து இறுக்கமாகவே படிக்கின்றன. எழுதாத அதிகாரம் முகவருக்கு இல்லை.

காலவரையறை எழுதுங்கள். ஓராண்டு என்று எழுதினால், அடுத்த ஆண்டு மீண்டும் சிந்திக்க வாய்ப்புக் கிடைக்கும்.

பணம் எங்கே வர வேண்டும் என்று எழுதுங்கள். விற்பனைத் தொகையும் வாடகையும் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே வர வேண்டும் என்ற ஒரு வரி பல தீமைகளைத் தடுக்கும். வங்கியின் குறுஞ்செய்தி உங்கள் கைப்பேசிக்கே வரட்டும்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் இருவரும் சேர்ந்தே செயல்படும்படி கொடுக்கலாம். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மறைவில் எழுதப்படும் பத்திரமே பின்னாளில் சகோதரர்களைப் பிரிக்கிறது.

மாதமொரு முறையோ காலாண்டுக்கு ஒரு முறையோ எழுத்தில் கணக்குக் காட்ட வேண்டும் என்று பத்திரத்திலேயே சேர்த்துவிடுங்கள். அப்போது பிள்ளையிடம் கணக்குக் கேட்கப் பெற்றோர் கூச வேண்டியதில்லை, பத்திரமே கேட்கும்.

தமிழ்நாட்டில் 2012-இல் வந்த திருத்தத்தின்படி, இங்கே எழுதப்படும் அசையாச் சொத்து தொடர்பான பவரைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவாகாத பவரில் கையெழுத்துக் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் வீட்டுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கிரயமோ அடமானமோ பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

தவறு நடந்துவிட்டால்

சந்தேகம் எழுந்தவுடன் பவரை ரத்து செய்து, அந்த ரத்தைப் பதிவு செய்யுங்கள். அத்துடன் நின்றுவிடக் கூடாது. ரத்து என்பது முகவருக்கும் வெளியாருக்கும் தெரிய வரும்போதுதான் அவர்களைப் பொறுத்தவரை செல்லுபடியாகிறது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 208-ஆம் பிரிவு. எனவே முகவர், வங்கி, வாடகைதாரர், குடியிருப்போர் சங்கம் ஆகிய அனைவருக்கும் ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். நாளிதழிலும் அறிவிக்கலாம். மூல ஆவணத்தைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். நம்பிக்கை மோசடிக்குப் பாரதிய நியாய சன்ஹிதையின் 316-ஆம் பிரிவின் கீழ் காவல்துறையில் புகார் செய்யலாம். வயதாலோ நோயாலோ மனம் தளர்ந்த ஒருவரிடம், அவர் மேல் செல்வாக்குள்ளவர் எழுதி வாங்கிய ஆவணத்தைத் தகாத செல்வாக்கின் பேரால் நீதிமன்றத்தில் எதிர்க்க ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இடம் தருகிறது.

பவரோடு நில்லாமல் வீட்டையே பிள்ளைக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டவர்களுக்கும் வழி உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பெற்றவர் பராமரிக்க மறுத்தால், திரும்பப் பெற அதன் 23-ஆம் பிரிவு உதவுகிறது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முதியவர் தாமே மனு கொடுக்கலாம். அவரால் இயலாவிட்டால் அவர் அனுமதித்த வேறொருவரோ தொண்டு அமைப்போ கொடுக்கலாம். அந்த நிபந்தனை இருக்க வேண்டியது அவசியம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. முதியோரின் நலனுக்காக வந்த இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் கூறி, மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவருக்கு அவர் வீட்டைத் திரும்ப அளித்தது. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தைச் சேர்ந்த தாய் ஒருவரின் வழக்கில், அன்பும் பராமரிப்பும் பத்திரத்தில் சொல்லாமலேயே அடங்கிய நிபந்தனை என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருந்தாலும், எழுதக் கூடியதை எழுதிவிடுவதே மேல்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எதுவாயினும், இலவச சட்ட உதவி உண்டு.

கேட்பதும் சொல்வதும்

இவ்வளவு வழிகள் இருந்தும் ஏன் பெற்றோர் மௌனமாக இருக்கிறார்கள்? சட்டம் தெரியாததைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 'பெத்த பிள்ளைகிட்டயே கணக்குக் கேட்கறதா? நாலு பேர் என்ன சொல்வாங்க?' என்ற கூச்சம்தான் அது. புகார் கொடுத்தால் பிள்ளை வராமலே போய்விடுவானோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. சோறு போடுபவரே பணத்தையும் எடுப்பவராக இருக்கும்போது அந்த அச்சம் உண்மையானது. அதை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

இந்தக் கூச்சத்துக்கு விவிலியமே விடை தருகிறது. சீராக் ஞான நூலின் 33-ஆம் அதிகாரம், உயிரோடிருக்கும்வரை மகனோ மனைவியோ சகோதரனோ நண்பனோ, எவருக்கும் உன்மீது அதிகாரம் கொடுத்துவிடாதே என்று அறிவுறுத்துகிறது. நீ பிள்ளைகளின் கையை எதிர்பார்த்திருப்பதைவிட அவர்கள் உன்னிடம் கேட்பதே நல்லது என்பதும், பங்கிடுவதை வாழ்வின் முடிவுக்கு விட்டுவை என்பதும் அதன் கருத்து. தாய் தந்தையை மதிக்க வேண்டும் என்று அத்தனை அழுத்தமாகப் போதிக்கும் அதே நூல்தான் இந்த எச்சரிக்கையையும் தருகிறது. எனவே முதியவர் தம் பொருளைத் தம் கையில் வைத்திருப்பது பாசக் குறைவாகாது.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவின் பவர் உங்களிடம் இருந்தால், அவர் கேட்கும் முன்பே கணக்கைக் காட்டுங்கள். இம்மாதம் வாடகை இவ்வளவு வந்தது, மருந்துக்கு இவ்வளவு ஆனது, மீதி இவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி அவர் பார்வைக்கு வையுங்கள். அவருக்குப் புரியாமல் போனாலும் படித்துக் காட்டுங்கள். அவருடைய மதிப்பை அது காக்கிறது. நாளை உங்கள் உடன்பிறந்தோர் கேள்வி எழுப்பினால், உங்களையும் அந்த நோட்டுதான் காக்கும்.

அக்கம்பக்கத்தாராகிய நமக்கும் பங்கு உண்டு. வாரந்தோறும் கோயிலுக்கு வந்தவர் திடீரென்று வராமல் போகும்போது, அவரோடு பேசப் போனால் வேறொருவரே பதில் சொல்லும்போது, வசதி இருந்தும் மருந்து வாங்கத் தயங்கும்போது, நாம் கேட்க வேண்டும். அன்பியக் கூட்டத்துக்கு அழைக்கப் போகிறவர்கள் வாசலோடு திரும்பாமல் பத்து நிமிடம் தனியே உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம். தனிமைதான் இத்தகைய தவறுகளுக்கு வசதியாக அமைகிறது. அடிக்கடி ஆள் வந்துபோகும் வீட்டில் அவை எளிதில் நடப்பதில்லை.

இன்று மாலையே நம் வீட்டுப் பெரியவரோடு உட்கார்ந்து, பீரோவில் இருக்கும் அந்தத் தாளை வெளியே எடுப்போம். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவருக்குப் படித்துக் காட்டுவோம். 'இது எல்லாமே உங்களுக்குச் சம்மதம்தானா?' என்று கேட்போம். அவர் வேண்டாம் என்று சொல்லும் வரியை மாற்றி எழுதத் துணை நிற்போம்.